பெரும்போரின் நினைவுப் பொருள்கள்: எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

ஒரு போர் முடிந்து நூறு ஆண்டுகள் நிறையும்போது அதில் பங்கேற்றவர்களில் ஒருவரும் உயிருடன் இருப்பதில்லை என்பதால், அந்த நிறைவைக் கொண்டாடுவதா, துக்கமாக அனுசரிப்பதா, ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதா என்பதைப் பின்வந்த தலைமுறையினரே முடிவு செய்கின்றனர். அம்முடிவு மேடைப் பேச்சுகளில் வெளிப்படுவதைவிட, அந்த ஆண்டுகளில் வெளியாகும் நாணயங்களிலும் அஞ்சல்தலைகளிலும் விற்பனைப் பொருள்களிலும் நூல்களிலும் துலக்கமாக வெளிப்படுகிறது. 1914 முதல் 1918 வரை நடந்து, அக்காலத்தில் பெரும்போர் என்றே அழைக்கப்பட்ட முதலாம் உலகப் போரின் நூற்றாண்டு, 2014 முதல் 2018 வரை பல நாடுகளில் அனுசரிக்கப்பட்டது. அதில் பணியாற்றியோருள் கடைசியாக எஞ்சியிருந்தவர் 2012இலேயே மறைந்துவிட்டார். நேரில் கண்டு சொல்வதற்கு ஆளில்லாத நிலையில் பொருள்களே சாட்சியாயின. அந்தச் சாட்சியம் யாரைக் கணக்கில் சேர்க்கிறது, யாரை விட்டுவிடுகிறது, அதை விற்றுவரும் பணம் யாரைச் சென்றடைகிறது என்பவற்றைக் கவனித்தால், நினைவுப் பொருள் என்பது கடந்தகாலத்தைக் காட்டும் அளவுக்கு அதை உருவாக்கியவர்களின் காலத்தையும் காட்டிவிடுவது விளங்கும்.

நூற்றாண்டு நிறைவுக்காகச் செய்யப்பட்டவற்றை எடைபோடுவதற்கு, போர்க்காலத்திலேயே செய்யப்பட்டவற்றை முதலில் அறிந்துகொள்வது பயனுடையது. 1914 அக்டோபரில், பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய மகளும் அப்போது பதினேழு வயதினருமான இளவரசி மேரியின் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டு, களத்திலும் கடலிலும் இருந்த வீரர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்புவதற்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. ஏறத்தாழ ஐந்து அங்குல நீளமுள்ள பித்தளைப் பெட்டியின் மூடியில் இளவரசியின் பக்கவாட்டு முகமும், அதைச் சுற்றி நேச நாடுகளின் பெயர்களும் புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருந்தன. புகைப்பவர்களுக்குப் புகையிலை, இருபது சிகரெட்டுகள், சுங்கான் ஆகியவையும், புகைக்காதவர்களுக்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுபொருள்களும் வழங்கப்பட்டன. இந்தியப் படையினருக்கான ஏற்பாட்டில் சமயமும் பதவியும் கவனிக்கப்பட்டன: புகையிலையைத் தொடாத சீக்கியர்களுக்குக் கற்கண்டும் மசாலாவும் கிடைத்தன, தோல்பையில் தண்ணீர் சுமக்கும் பிஷ்திகள் முதலான முகாம் பணியாளர்களுக்கு மசாலாப் பெட்டி மட்டுமே கிடைத்தது. எவருடைய வழக்கத்தையும் மீறாமல் பரிசு தர முயன்ற அதே பட்டியல், படையின் மேல்கீழ் அடுக்குகளையும் அப்படியே பின்பற்றியிருப்பதை இன்று படிப்பவர் காண முடியும்.

இந்தத் திட்டம் பின்னர் சீருடை அணிந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் பித்தளை தோட்டா உறைகளுக்கும் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு நேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த பித்தளைத் தகட்டின் ஒரு பகுதி, 1915 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்ட லூசிடானியா கப்பலோடு கடலில் மூழ்கிப் போனது. இத்தகைய தாமதங்களைத் தாண்டி, போருக்குப் பிறகும் தொடர்ந்த விநியோகத்தில் மொத்தம் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் சென்றன. புகையிலை தீர்ந்த பின் பலர் வெறும் பெட்டியைக் கடிதங்களும் நிழற்படங்களும் வைக்கப் பயன்படுத்தியதால், அது குடும்பச் சொத்தாக நிலைத்தது. 2014இல் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனம் வெளியிட்ட நூற்றாண்டு அஞ்சல்தலைகளில் ஒன்று இந்தப் பெட்டியின் படத்தையே தாங்கியிருந்தது. ஒரு நினைவுப் பொருளே இன்னொரு நினைவுப் பொருளுக்குக் கருவாகிவிட்டது.

உயிரோடு இருந்தவர்களுக்குப் பெட்டி என்றால், இறந்தவர்களின் குடும்பத்துக்கு வெண்கலத் தகடு வந்தது. 1916இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு மறு ஆண்டு நடத்திய பொதுப் போட்டிக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. லிவர்பூலைச் சேர்ந்த சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டனின் வடிவம் தேர்வாகி 250 பவுண்ட் பரிசு பெற்றது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத் தகட்டில், பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா என்னும் பெண் மாலை நீட்டி நிற்க, அவளருகே ஒரு சிங்கமும், கடலாட்சியைக் குறிக்கும் இரு டால்பின்களும் இருந்தன. ஒரு சிறு கட்டத்தில் இறந்தவரின் பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் வார்க்கப்பட்டது. தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதைக் காட்டுவதற்காக, தளபதி ஆயினும் சிப்பாய் ஆயினும் பதவிப் பெயர் சேர்க்கப்படவில்லை. 13 லட்சத்துக்கும் அதிகமாக வார்க்கப்பட்ட இத்தகடுகளில் சுமார் 600 மட்டுமே பெண்களுக்கானவை. வடிவத்தில் அக்காலச் செப்புப் பென்னி நாணயத்தைப் பெரிதாக்கியது போல இருந்ததால், மக்கள் இதைச் செத்தவன் காசு என்று கசப்போடு அழைத்தனர். சில குடும்பங்கள் சுவரில் மாட்டிவைத்தன, சில குடும்பங்கள் திருப்பியே அனுப்பிவிட்டன.

பெட்டி, தகடு ஆகிய இரண்டும் விலைக்கு வந்தவை அல்ல, உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஆயினும் அதே ஆண்டுகளில் சந்தைக்கென்றே நினைவுப் பொருள்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் காஸ் முதலான பீங்கான் நிறுவனங்கள், ஊர்ச் சின்னங்கள் தீட்டிய சிறு பீங்கான் பொம்மைகளை டாங்கி, மருத்துவ வண்டி ஆகிய வடிவங்களில் விற்றன. போர்முனையில் வெடித்துத் தீர்ந்த குண்டுகளின் பித்தளை உறைகளில் வீரர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் பூவேலை செதுக்கிப் பூச்சாடிகளாக மாற்றினர். அகழிக் கலை என்று இன்று பெயர் பெற்றிருக்கும் இந்த வேலைப்பாட்டில், உயிர் குடித்த உலோகமே வரவேற்பறை அலங்காரமாக ஆயிற்று. பிரான்சின் மிஷெலின் டயர் நிறுவனம், போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டிலேயே மார்ன் போர்க்களத்துக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டு, தொடர்ந்து பிற களங்களுக்கும் படங்களோடு வழிகாட்டிகளைக் கொண்டுவந்தது. மகனோ கணவனோ விழுந்த இடத்தைத் தேடிச் சென்ற குடும்பங்களுக்கு அது தல யாத்திரைக் கையேடாகவும், மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களுக்குச் சுற்றுலாக் கையேடாகவும் ஒருசேரப் பயன்பட்டது. இரங்கலும் வணிகமும் ஒரே அட்டைக்குள் அடங்கிய இந்த நிலையே பின்வந்த நினைவுப் பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படைச் சிக்கலாயிற்று.

சென்னையோடு நேரடித் தொடர்புடைய நினைவுப் பொருள் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே நின்று, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் வீழ்த்தப்பட்டது. பவளப்பாறையில் மோதிச் சிதைந்து நின்ற கப்பலிலிருந்து மெக்ஸிகோ நாட்டு வெள்ளி டாலர்கள் ஆயிரக்கணக்கில் மீட்கப்பட்டன. கீழை நாடுகளின் துறைமுகங்களில் அந்த நாணயம் அப்போது செல்லுபடியானதால் அது கப்பலின் செலவுப் பணமாக இருந்தது. அவற்றுள் ஆயிரம் நாணயங்களுக்குச் சிட்னி நகரின் நகைக்கடை ஒன்று கிரீடம் பொருந்திய வெள்ளிச் சட்டம் அமைத்துப் பதக்கமாக்கியது. கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கியவை போக மீந்தவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டனின் குண்டு பட்ட இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கல்வெட்டும் வெள்ளிப் பதக்கமும் ஒரே கப்பலின் தாக்குதலையும் தோல்வியையும் இரு கண்டங்களில் பதிவு செய்கின்றன.

போரின் நினைவுப் பொருள்களில் மிகப் பரவலாகச் சென்றது பாப்பி மலர் ஆகும். கசகசாச் செடியின் இனத்தைச் சேர்ந்த இந்தச் செந்நிறக் காட்டுப்பூ, பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் குண்டுகளால் கிளறப்பட்ட மண்ணில் செழித்து வளர்ந்தது. கனடாவின் இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய கவிதையால் அது போரின் அடையாளமாயிற்று. துணியில் செய்த பாப்பியை அணியும் வழக்கத்தை அமெரிக்காவின் மொய்னா மைக்கேலும் பிரான்சின் அன்னா கெரினும் பரப்ப, 1921 நவம்பரில் பிரிட்டனில் முதல் பாப்பி நாள் நடைபெற்றது. மறு ஆண்டு ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கு வேலை தருவதற்காகவே பாப்பித் தொழிலகம் ஒன்று தொடங்கப்பட்டது. பொருளைச் செய்பவரும் அதன் வருவாயால் பயன்பெறுபவரும் போரால் பாதிக்கப்பட்டவர்களே என்ற இந்த ஏற்பாடு, நினைவுப் பொருள் வணிகத்தின் மீது எழும் குற்றச்சாட்டுக்கு ஓரளவு விடையாக அமைந்தது. எனினும் சிவப்புப் பாப்பி போரைப் பெருமைப்படுத்துகிறது என்று கருதிய பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தினர் 1933இல் சமாதானத்தைக் குறிக்கும் வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தினர். இரு நிறங்களுக்கும் இடையிலான விவாதம் இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் எழுகிறது.

நூற்றாண்டு நிறைவின்போது இந்தப் பாப்பியே மிகப் பெரிய வடிவம் எடுத்தது. பீங்கான் கலைஞர் பால் கம்மின்ஸும் மேடை வடிவமைப்பாளர் டாம் பைப்பரும் லண்டன் கோபுரக் கோட்டையின் வறண்ட அகழியில் 2014 ஜூலை முதல் நவம்பர் 11 வரை, இறந்த ஒருவருக்கு ஒரு பூ என்ற கணக்கில், 8,88,246 பீங்கான் பாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக நட்டுவைக்க ஏற்பாடு செய்தனர். ஐம்பது லட்சம் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. ஒவ்வொரு பூவும் 25 பவுண்டுக்கு விற்கப்பட்டு, செலவு போக மிஞ்சிய தொகை ஆறு முன்னாள் படைவீரர் நல அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. கையால் வளைத்துச் சுட்டதால் எந்த இரு பூவும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்பதும், தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பூ ஓர் உயிருக்கு ஈடானது என்ற எண்ணமும் வாங்குவோரை ஈர்த்தன. அதே சமயம் இறப்பை அழகுப் பொருளாக்குவதாகச் சில கலை விமர்சகர்கள் கண்டித்தனர். ஆயினும் எண்ணில் இருந்த சிக்கல் பலர் கண்ணில் படவில்லை. பிரிட்டிஷ் பேரரசின் சார்பில் அப்போரில் இறந்தவர்களாகப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் நினைவுகூர்வோர் சுமார் 11 லட்சம் பேர் ஆவர். கோட்டை அகழியின் எண் அதைவிடக் குறைவு. பிரிக்கப்படாத இந்தியாவின் ஏறத்தாழ 74,000 பேரும், கனடா, ஆஸ்திரேலியா முதலான நாடுகளின் இறந்தோரும் அந்த ஆணையத்தின் கணக்கில் தனித் தலைப்புகளில் வருகின்றனர். எதிர்த்தரப்பில் இறந்தவர்களுக்கு அங்கே பூ எதுவும் இல்லை.

நாணயங்களிலும் இதே தேர்வுச் சிக்கல் எழுந்தது. நினைவு நாணயம் என்பது இருவகைப்படும்: ஒன்று கடைகளில் புழங்குவதற்காக வெளியிடப்படுவது, மற்றொன்று சேகரிப்போருக்காகப் பேழையில் வைத்து முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்கப்படுவது. 2014இல் பிரிட்டனின் அரச நாணயச்சாலை, ஆட்சேர்ப்புச் சுவரொட்டியில் விரல் நீட்டி அழைக்கும் கிச்சனர் பிரபுவின் உருவத்தை 2 பவுண்ட் நாணயத்தில் பொறித்தது. இந்தியாவில் 1902 முதல் 1909 வரை தலைமைப் படைத்தளபதியாக இருந்த கிச்சனர், போர் தொடங்கியபோது பிரிட்டனின் போர் அமைச்சரானவர். சாவுக்கு அழைத்த உருவத்தை நூற்றாண்டுச் சின்னமாக்குவது தகுமா என்ற எதிர்ப்பு எழுந்து, பிரஸ்ஸல்ஸில் இரு தரப்பு வீரர்களுக்கும் சிகிச்சை அளித்து, நேச நாட்டு வீரர்கள் தப்பிச் செல்ல உதவியதற்காக 1915இல் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட செவிலியர் எடித் கவெலுக்கு நாணயம் கோரும் மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். மறு ஆண்டு அவர் உருவம் பொறித்த 5 பவுண்ட் நாணயம் வெளியாயிற்று. ஆனால் அது சேகரிப்போருக்கான வகையைச் சேர்ந்தது என்பதால், மக்களின் சட்டைப்பையில் புழங்கியது கிச்சனரின் முகமே. அஞ்சல்தலை வரிசை இதைவிட விரிந்த பார்வையோடு அமைந்தது: 2015 வெளியீட்டில், விக்டோரியா சிலுவை பெற்ற கூர்க்கா வீரர் குல்பீர் தாபாவின் உருவம் இடம்பெற்றது. இந்திய வீரர்களின் நினைவாகக் கதர்த் துணியில் செய்த பாப்பிகள் 2018இல் வெளியிடப்பட்டதும் இவ்வழியில் வந்த திருத்தமே ஆகும்.

நினைவை விற்பதற்கு எல்லை வகுக்கச் சட்டத்தையே இயற்றிய நாடு ஆஸ்திரேலியா. 1915 ஏப்ரலில் துருக்கியின் கல்லிப்பொலியில் தரையிறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையணியின் சுருக்கப் பெயரான அன்ஸாக் என்பதை, அரசின் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவது அங்கு 1920களின் தொடக்கத்திலிருந்தே தடை செய்யப்பட்டுள்ளது. ஓட்ஸ், தேங்காய்த் துருவல், பாகு ஆகியவற்றால் முட்டை சேர்க்காமல் செய்யப்படும் அன்ஸாக் பிஸ்கட்டுக்கு விலக்கு உண்டு என்றாலும், செய்முறை மரபிலிருந்து பெரிதும் விலகக்கூடாது, குக்கி என்று பெயரிடவும் கூடாது. 2015இல் உல்வொர்த்ஸ் என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனம், தன் விளம்பர வாசகத்திலுள்ள சொல்லைத் தழுவிய தொடரோடு மக்களின் குடும்பப் படங்களை நினைவுச் சுவரொட்டிகளாக மாற்றும் இணையதளத்தைத் தொடங்கியபோது கண்டனம் கிளம்பியது. அமைச்சர் தலையிட்ட பின் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் 2014இல் செயின்ஸ்பரி அங்காடி நிறுவனம், 1914இல் இரு தரப்பு வீரர்களும் தாமாகவே சண்டையை நிறுத்திய கிறிஸ்துமஸ் போர்நிறுத்தத்தை விளம்பரப் படமாக்கி, அதில் வரும் சாக்லேட்டை ஒரு பவுண்டுக்கு விற்று லாபத்தை முன்னாள் வீரர் அமைப்புக்கு அளித்தபோது பாராட்டும் கண்டனமும் கலந்தே வந்தன. நிதி நல்ல காரியத்துக்குச் சென்றாலும் நினைவின் வழியாக வணிகப் பெயருக்கு மதிப்புச் சேர்வதை எவ்வளவு ஏற்பது என்ற கேள்விக்கு இரு நாடுகளும் இரு விடைகள் கண்டன.

ஒரு நாணயத்தில் ஒரு முகத்துக்குத்தான் இடம் உண்டு. நூலில் அந்தக் குறுகல் இல்லை என்பதால், நினைவுப் பொருள்கள் விட்டுவிட்டவற்றைச் சேர்க்கும் பணி நூல்களுக்கு வாய்த்தது. போர் முடிந்தவுடன் வெளிவந்தவை பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்களும் படையணி வரலாறுகளுமே. படையணி வரலாறு என்பது ஒரு குறிப்பிட்ட ரெஜிமெண்டின் நாட்குறிப்புகளைக் கொண்டு அதன் ஒவ்வொரு சண்டையையும் வரிசையாகச் சொல்வது; லூஸ் போரில் 1915இல் பதினெட்டு வயது மகனை இழந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், அவன் சேர்ந்திருந்த ஐரிஷ் கார்ட்ஸ் அணியின் வரலாற்றை 1923இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதே ஆண்டில் அயர்லாந்தின் நினைவுப் பதிவேடு, ஓவியர் ஹாரி கிளார்க்கின் கோட்டோவிய வேலைப்பாடு சூழ்ந்த பக்கங்களில், 49,435 பெயர்களோடு எட்டுத் தொகுதிகளாக நூறு படிகள் மட்டும் அச்சிடப்பட்டது. ஐரிஷ் படையணிகளில் இருந்த அயர்லாந்தினர் அல்லாதோரின் பெயர்களும் அதில் சேர்ந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அழகான பதிவேடும் சரிபார்க்கப்பட வேண்டியதே என்பதற்கு இது சான்று.

நூற்றாண்டையொட்டி வந்த நூல்கள் இரு திசைகளில் சென்றன. போர் ஏன் மூண்டது என்பதைக் கிறிஸ்டோபர் கிளார்க் 2012இலும் மார்கரெட் மக்மில்லன் 2013இலும் மீண்டும் ஆராய்ந்தனர். பழியை ஜெர்மனி ஒன்றின் மீதே சுமத்தாமல் எல்லா வல்லரசுகளின் போக்கையும் ஒருங்கே நோக்கிய கிளார்க்கின் நூல் ஜெர்மனியில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. மற்றொரு திசை, யாருடைய போர் என்ற கேள்வியை நோக்கிச் சென்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து பணியாற்றிய செய்தியை ஷ்ராபணி பாசு, வேதிகா காந்த், ஜார்ஜ் மார்ட்டன் ஜேக், சந்தனு தாஸ் முதலியோர் பொதுவாசகரிடம் கொண்டுவந்தனர். எழுத்தறிவு பெறாத சிப்பாய்கள் நாட்குறிப்பு எழுதவில்லை என்பதால், தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த கடிதங்களும் வீடுகளில் எஞ்சிய பொருள்களுமே இவர்களுக்கு ஆதாரங்களாயின. பிரிட்டனின் லீட்ஸ் நகரில் பொறியியல் படித்து, அந்நகரப் படையணியிலேயே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து 1916இல் கொல்லப்பட்ட சந்தன்நகர் இளைஞர் ஜோகேந்திரநாத் சென்னின் இரத்தக்கறை படிந்த மூக்குக் கண்ணாடி, வங்காளத்தின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இவ்வாறு ஆய்வுக்குள் வந்தது. எவரும் நினைவுப் பொருளாக வடிவமைக்காத அந்தக் கண்ணாடி, வடிவமைத்து விற்கப்பட்ட பல பொருள்களைவிட அதிகம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் போரின் தடயங்கள் பெரும்பாலும் பெயரின்றியே உள்ளன. வேலூர் மணிக்கூண்டில் இருப்பதைப் போன்ற கல்வெட்டுகள், அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் எத்தனை பேர், உயிர் துறந்தோர் எத்தனை பேர் என்ற இரு எண்களோடு முடிந்துவிடுகின்றன. சென்றவர் யார், எந்தக் களத்தில் இறந்தார் என்பதை அறிய வேறு ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் குறை கல்வெட்டு வெட்டியவர்களோடு நின்றுவிடவில்லை. போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட தன் ஆய்வறிக்கையில், ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு ஆகிய பகுதிகளைச் சேர்ந்தோர் பெரும்பான்மையாக உள்ள குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. வெண்கலத் தகட்டில் பதவியை நீக்கிச் சமத்துவம் பேசிய அதே பேரரசு, தோலின் நிறத்தை வைத்துப் பெயரையே நீக்கியிருந்ததை இந்த அறிக்கை வெளிப்படுத்தியது. நூற்றாண்டு விழாக்கள் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது வந்தது.

இந்த அனுபவத்திலிருந்து தமிழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மிக அருகில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதன் நூற்றாண்டு 2043இல் வருகிறது. அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறை வரிசைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு ஆயிரமாயிரமாக மடிந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பட்டியலும் இல்லை. நாணயமும் அஞ்சல்தலையும் சில மாதங்களில் தயாராகிவிடும். பெயர்ப் பட்டியலோ, தோட்டப் பதிவேடுகளையும் குடும்பங்களின் வாய்மொழியையும் கொண்டு பல ஆண்டுகள் உழைத்தால்தான் உருவாகும். வெளியிடப்போகும் நூற்றாண்டு மலரில் அச்சிடுவதற்குப் பெயர்கள் இருக்க வேண்டுமானால், சாட்சிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இப்போதே அந்தத் தொகுப்பு வேலை தொடங்கியாக வேண்டும்.